தாங்குகிற வரைக்கும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டெம்பரரியாக வேலை பார்த்தவராக இருக்க முடியாது. அங்கே பிழைத்ததெல்லாம் வாயில்லாப் பிள்ளைகள்தான். வேம்புலி அப்படிப் பிழைத்தவன்.

பாரிவாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம் அவனுடையது. வயல் பாதி தரிசாகவும் பாதி பிளாட்டாகவும் போனபோது, இருபது வயதில், பூந்தமல்லிக்கு நடந்து வந்து பஸ் ஏறி எஸ்டேட் என்கிற அந்தத் தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுகிற ஒரு கம்பெனி. அது எண்பதுகளின் ஆரம்பம். கல்யாணம் ஆனதும் ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், தகரக் கதவு. இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டெம்பரரி என்றால் என்ன என்று எஸ்டேட்டில் வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவன் விடாமல் இத்தனை நாள் வேலை பார்த்துவிட்டால் அவனை பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் சந்தும் இருக்குமே. அந்த நாள் நெருங்கும்போது கம்பெனியில் 'பிரேக்' என்று ஒன்று கொடுப்பார்கள். "கொஞ்ச நாள் ஊட்டுல இருந்துட்டு வா" என்பார்கள். போனவனைத் திரும்பக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். யாரைக் கூப்பிடுவது என்பது சூப்பர்வைசர் அய்யாசாமியின் மனசு. அய்யாசாமியின் மனசில் இடம்பிடிக்க ஒரே வழி, குறை சொல்லாமல் இருப்பது.

வேம்புலியின் கூட்டாளி துலுக்கானத்துக்கு ஒரு நாள் கையில் அடிபட்டது. வாயுள்ள பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீட்டு எழுதிக்கொடுங்க சார் என்று கேட்டான். சீட்டு கிடைத்தது. அடுத்த வாரமே பிரேக்கும் கிடைத்தது. அதன் பிறகு துலுக்கானத்தை எஸ்டேட்டுக்குள் யாரும் பார்க்கவில்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் டோக்கன் போட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் வேம்புலியின் காலில் உருகின இரும்பு தெறித்தது. ஷூவெல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். வேம்புலி ரப்பர் செருப்போடு நின்றிருந்தான். மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டு, ஷிப்ட் முடியும்வரை நின்று வேலை பார்த்தான். அய்யாசாமி பார்த்துவிட்டு, "என்னடா கால்ல?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். நல்லா கீறேன்."

வீட்டில் அந்தத் துணியை வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தவள் தாட்சாயிணி. துணியோடு தோலும் வந்தது. "உனுக்கு அறிவு கீதாயா? கால் போயிட்ச்சினா இன்னா பண்ணுவ?" என்று கத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "கால் போனா ஒரு கால் கீது. வேலை போனா இன்னாமே கீது?"

இரண்டு மாதத்தில் அவனை பர்மனென்ட் ஆக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் கழித்து. அன்றைக்கு மகள் நாகவல்லிக்கு அல்வாவும் தாட்சாயிணிக்கு மல்லிகைப்பூவும் வாங்கி வந்து, தழும்பான காலை நீட்டி உட்கார்ந்து, "பாத்தியாமே?" என்றான். அதைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை. ஏனென்றால் வாயை மூடித் தாங்கினால் பிழைக்கலாம் என்று அன்றைக்கு அவளும் நம்பினாள். அடித்துச் சொன்னாலும் நம்பாதவள், அந்த வேலை உத்தரவைப் பார்த்ததும் நம்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவன் மலத்தோடு ரத்தம் போனால் யாரிடம் சொல்வான்? ஒரு வருஷத்துக்கும் மேலாக மறைத்தான். கடைசியில் உள்துணியைத் துவைக்கும்போது தாட்சாயிணிதான் கண்டுபிடித்தாள். மூலச்சூடு என்று அவளே முடிவு செய்து, வாரத்தில் பாதி நாள் கருணைக்கிழங்கு மசியல் வைத்துப் போட்டாள். அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மூலம் பவுத்திரம் என்று எழுதிய விளம்பரத்தைப் பார்த்து, அந்த வைத்தியரிடம் போய் வேம்புலி லேகியம் வாங்கித் தின்றான். லேகியம் தின்றால் கரைவதற்கு அது மூலமா? இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் போய் விழுந்தபோது குடலில் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்துக் குடலை இணைத்தார்கள். தொண்ணூற்றேழாம் வருஷக் கடைசியில் பட்டணத்துப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் முழுக்கப் பரவியிருந்தது.

பெரிய டாக்டர் நல்ல மனுஷன். மறைக்கவில்லை. இதை முழுசாகக் குணப்படுத்த வழியில்லை என்றார். வருஷக்கணக்காகப் போட்டுவருகிற பழைய மருந்து ஒன்று இருக்கிறது, சிலருக்குக் கொஞ்ச காலம் கட்டியைப் பிடித்து வைக்கும் என்றார். அதோடு புது மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறதா என்று பல ஊர்களில் சோதித்துப் பார்க்கிறார்கள், இங்கேயும் அந்தச் சோதனை நடக்கிறது என்றார். சேர்ந்தால் பாதிப் பேருக்குப் பழையது மட்டும், பாதிப் பேருக்கு இரண்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அவர் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் விலகிக்கொள்ளலாம்.

விலகிக்கொள்ளலாம் என்றதைக் கேட்டு வேம்புலிக்கு ஆச்சரியம். கிடைத்த இடத்தை எவனாவது விடுவானா?

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "சார், போட ஆரமிச்சா நடுவுல நிப்பாட்ட மாட்டீங்கல்ல?"

"உங்க உடம்பு தாங்குற வரைக்கும் கொடுப்போம்பா" என்றார் டாக்டர்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து கிளம்பி வேம்புலியின் காதுக்குள் போனபோது, நடுவில் பதினோரு வருஷ எஸ்டேட் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போது மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேம்புலி பெண்டாட்டியிடம் சொன்னான்: "கேட்டியாமே? தாங்குற வரைக்குமாம். தாங்கலன்னு தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்சிருவாங்க. நான் தாங்குவேன்."

குலுக்கலில் அவனுக்கு இரண்டு மருந்தும் விழுந்தது. சோதனையைக் கவனிக்கிற நர்ஸ் ஜெயசீலிதான் சொன்னாள். சின்னப் பெண். சிரித்த முகம். நோயாளிகளை அண்ணே, அய்யா என்றுதான் கூப்பிடுவாள். "உங்களுக்குப் புது மருந்து வந்திருக்கு அண்ணே" என்றதும் வேம்புலி கைகூப்பினான். இன்னொரு தடவை பர்மனென்ட் ஆன மாதிரி இருந்தது அவனுக்கு. ரயிலைவிட்டு இறங்கியதும் ஆவடி மார்க்கெட்டில் மகளுக்கு அல்வா வாங்கினான்.

செவ்வாய்க்கிழமைதோறும் மருந்து. சில வாரம் தொடர்ந்து ஏற்றிவிட்டு, சில வாரம் உடம்புக்கு ஓய்வு விடுவார்கள். ஜெயசீலி முதல் நாளே ஒரு அட்டை மாத்திரையைக் கொடுத்துத் தெளிவாகச் சொன்னாள். இந்த மருந்துக்கு வயிற்றுப்போக்கு வரும். தண்ணியாகப் போன உடனே இந்த மாத்திரையைப் போட ஆரம்பிக்கணும். நின்றாலும் நிற்காவிட்டாலும் எங்களிடம் சொல்லணும். காய்ச்சல் வந்தால் எந்த நாளானாலும் உடனே கிளம்பி வரணும். மிச்சமிருக்கிற மாத்திரையை ஒவ்வொரு வாரமும் அட்டையோடு கொண்டுவந்து காட்டணும்.

எல்லாவற்றுக்கும் வேம்புலி தலையை ஆட்டினான்.

பக்கத்துக் கட்டிலில் கிறிஸ்துதாஸ் என்று ஒருவர். முகப்பேர் ஹவுசிங் போர்டு பிளாட்டில் இருப்பவர், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கும் புது மருந்துதான். நன்றாகப் பேசுவார். வேம்புலிக்கு பிஸ்கட் கொடுப்பார், தாட்சாயிணியை "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று விசாரிப்பார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் ஜெயசீலியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னார், "முடியலம்மா. ரெண்டு நாளா தண்ணி மாதிரி போகுது. மாத்திரை பூரா தீர்ந்துடுச்சு."

டாக்டர் வந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்தினார். "இந்த வாரம் மருந்து வேண்டாம்" என்றார். கிறிஸ்துதாஸுக்கு வெறும் குளுகோஸ் மட்டும் ஏற்றிச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அதற்கடுத்த முறையும் அவர் வரவில்லை.

வேம்புலி பெண்டாட்டியைப் பார்த்தான். துலுக்கானத்தின் கதையை இரண்டு பேரும் ஏற்கெனவே பார்த்தவர்கள்தானே.

"அந்த அண்ணாத்தே இன்னா ஆனாருன்னு கேக்கட்டுமா?" என்றாள் தாட்சாயிணி.

"கேக்காத. நம்மள எதுக்குக் கேக்கிறன்னு பாப்பாங்க."

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. ஜெயசீலி கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

அந்த வாரமே வேம்புலிக்கும் வயிறு பிடுங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. நாலு குடித்தனக் கக்கூஸ் என்பதால் காலையில் மற்றவர்கள் வாளியோடு காத்திருப்பார்கள். "இன்னா வேம்புலி, குடியிருக்கப் போயிட்டியா?" என்று தகரக் கதவைத் தட்டுவார்கள். அவனுக்குக் கூச்சத்தில் உயிரே போய்விடும். தாட்சாயிணி அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கப் போனபோது அவன் அவள் கையைப் பிடித்தான்.

"பிரிக்காதமே. அட்டைய பாப்பாங்க."

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாமல் போயிருந்தால் தேவலை. மாத்திரை குறைந்தால் ஜெயசீலிக்குத் தெரியும், தெரிந்தால் டாக்டரிடம் சொல்வாள், டாக்டர் இந்த வாரம் மருந்து வேண்டாம் என்பார். அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாகக் கட்டன் டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். மாதுளந்தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலக்கினாள். ஜவ்வரிசிக் கஞ்சி, ஓமத்தண்ணீர், ஜாதிக்காய் உரசி நாக்கில் தடவுவது என்று தனக்குத் தெரிந்த எல்லாக் கைமருந்தையும் செய்து பார்த்தாள். சில நாள் நின்றது, சில நாள் நிற்கவில்லை. நின்ற நாளெல்லாம் தன் கைமருந்தால் நின்றது என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து அவன் எதுவும் சாப்பிட மாட்டான், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே ஒன்றும் போகாது என்ற கணக்கு. செவ்வாய்க்கிழமை காலை லுங்கிக்குள் மடித்த துணியை வைத்துக்கொண்டு ரயிலேறுவான். மாற்று லுங்கியை தாட்சாயிணி வயர் கூடையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் ஒளித்து எடுத்துவருவாள். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவான்.

"எப்படி இருக்கீங்க அண்ணே? மோஷன் எப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லா கீறேன்."

தாட்சாயிணி அட்டையை நீட்டுவாள். ஜெயசீலி வாங்கிப் பார்ப்பாள். ஒன்றுகூடக் குறையாமல் பளபளவென்று இருக்கும். "பரவாயில்லயே அண்ணே! ஒரு மாத்திரைகூடத் தேவைப்படலயா? கொடுத்துவச்ச உடம்பு" என்பாள். அந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்வாள். தாட்சாயிணியும் சிரித்து வைப்பாள்.

ஒரு தடவை பள்ளிக்கூட லீவில் நாகவல்லியும் கூட வந்தாள். பத்தாவது படிக்கிற பெண். ஜெயசீலி விளையாட்டாக அவளிடம் கேட்டாள், "என்னம்மா, அப்பா சொல்றது நிஜமா?" நாகவல்லி வாயைத் திறந்தாள். தாட்சாயிணி அவள் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்துத் திருகினாள். பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நிஜந்தான் சிஸ்டர்" என்றாள். அந்த இடம் ஒரு வாரம் கன்னிப்போய் இருந்தது.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "ஏம்மா, சொன்னா இன்னா? அவங்க டாக்டருங்கதானே?"

"சொன்னா உங்கப்பன் செத்துருவான்டி" என்றாள் தாட்சாயிணி. அப்படியேதான் சொன்னாள். அவள் வாயாலேயே.

இதற்கிடையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். ஈரலில் இருந்த கட்டிகள் பாதிக்குப் பாதி சுருங்கிவிட்டன. சிலது காணவே இல்லை. "ரொம்ப நல்லா கேட்குது வேம்புலி. இந்த அளவுக்கு நான் எதிர்பார்க்கல" என்று அவன் தோளில் தட்டினார். வேம்புலி அழுதுவிட்டான். கட்டி சுருங்கியதற்கு அழுதானா, டாக்டர் பேரைச் சொல்லித் தோளில் தட்டியதற்கு அழுதானா, தெரியவில்லை. அய்யாசாமி ஒரு நாளும் தட்டியதில்லை.

அன்றைக்கு முழுக்க அவன் மனுஷனாக இருந்தான். ரயிலில் வேர்க்கடலை வாங்கினான். மகள் பத்தாவது முடித்ததும் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேசினான். "பாத்தியாமே?" என்றான். அதே வார்த்தை. இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் இந்த மருந்தை விடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது. மருந்து அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதனால் மருந்து அவனைக் கொல்வதை அவர்கள் பார்க்கவில்லை.

அதற்கடுத்து ஏற்றின மருந்துக்கு வயிறு நிற்கவே இல்லை. சனிக்கிழமை காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு வெடித்து வாயெல்லாம் புண். தாட்சாயிணிக்கு பயம் பிடித்துவிட்டது. "வாய்யா போலாம். காய்ச்சல் வந்தா உடனே வரணும்னுச்சு அந்தப் பொண்ணு" என்று கெஞ்சினாள்.

"செவ்வாக்கெழம எப்படியும் போறோம்ல. அதுக்குள்ள சரியாப் பூடும்."

"யோவ், கண்ணு உள்ள போயிட்ச்சியா!"

"கால்ல இரும்பு ஊத்துனப்பவும் இப்படித்தான் கத்துன. இன்னா ஆச்சு? பொறுமே."

அவள் பொறுத்தாள். அதுதான் அவள் செய்தது. இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கியிருக்கலாம். ஆனால் கால் தழும்பைக் காட்டியே ஐந்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவன் அவன். அந்தத் தழும்புக்கு எதிராகப் பேச அவளிடம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை காலை கக்கூஸுக்குப் போனவன் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் வாளியோடு நின்று கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏ தாச்சாயிணி, உம் புருஷன் தூங்கிட்டாரா உள்ள?" என்று சிரித்தாள். தாட்சாயிணி ஓடினாள். தகரக் கதவை ஆம்பிளைகள் காலால் உதைத்துத் திறந்தார்கள். உள்ளே சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்துதான் இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று லுங்கியை இழுத்து மூடப் பார்த்தான். கை எழும்பவில்லை.

ஆட்டோவில் பட்டணம் வரைக்கும் அவன் தலை அவள் மடியில் கிடந்தது. எமர்ஜென்சியில் ஒரு சின்ன டாக்டர் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டார், "எத்தனை நாளா போகுது?"

வேம்புலியின் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, பிரித்து, சொன்னான். "இன்னிக்குத்தான் சார். நல்லா கீறேன்."

டாக்டர் தாட்சாயிணியைப் பார்த்தார். அவள் வேம்புலியைப் பார்த்தாள். அவன் கண்ணால் வேண்டாம் என்றான். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.

"ஆமா சார்" என்றாள்.

சாயங்காலம் அவனுக்கு நினைவு தப்பிய பிறகுதான் அவள் ஜெயசீலியைத் தேடி ஓடி, காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாதுளந்தோல், முருகன் படம், மடித்த துணி, மகளின் கை எல்லாம். ஜெயசீலியின் முகம் வெளுத்துப்போனது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள், என்னென்னவோ ஏற்றினார்கள். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்களே இல்லை, உடம்பில் தண்ணீர் இல்லை, சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை, மருந்து ஏற்றுகிற நேரத்துக்கு முன்னால், வேம்புலி போய்விட்டான். புற்றுநோயால் இல்லை. அது பாதி சுருங்கி, ஈரலுக்குள் சும்மா கிடந்தது.

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஜெயசீலி அழுதாள். திட்டியிருந்தால் தாட்சாயிணி தாங்கியிருப்பாள். அந்தப் பெண் அழுதது தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, இ.எஸ்.ஐ.யில் கேட்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சான்றிதழ் வாங்கப் போனாள். அது வியாழக்கிழமை. பழகின கால் தானாக அந்த வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே பெஞ்சில், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் கிறிஸ்துதாஸ்.

முதலில் அவள் நம்பவில்லை. செத்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர் நிமிர்ந்து, "அடடே, வாம்மா! எங்க உன் வீட்டுக்காரர்? சாப்பிட்டியா?" என்றார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"நீங்க... அண்ணாத்தே, உங்களை நிப்பாட்டலயா?"

"என்னை எதுக்கு நிறுத்தணும்? ரெண்டு வாரம் ஓய்வு கொடுத்தாங்க. அப்புறம் மருந்தைக் கொஞ்சம் குறைச்சு, வியாழக்கிழமைக்கு மாத்திட்டாங்க. இப்ப வயிறு தொந்தரவே இல்ல. வேம்புலி எங்கம்மா?"

அவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. அது அவள் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. நாள் மாறியிருக்கிறது. அவ்வளவுதான். செவ்வாய் வியாழன் ஆனது. இதற்காகவா? கேக்காதமே என்றானே, இவளும் வாயை மூடிக்கொண்டாளே, இதற்காகவா? கிறிஸ்துதாஸ் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். விஷயம் தெரிந்ததும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜெயசீலி வந்தாள். தாட்சாயிணி கீழே இருந்ததை அவள் பார்க்கவில்லை. வந்து, பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள், "எல்லாரும் கேளுங்க. வயிறு சரியில்லன்னா மறைக்காதீங்க. சொன்னா மருந்தை நிறுத்திட மாட்டோம், அளவைத்தான் குறைப்போம். தயவுசெஞ்சு மறைக்காதீங்க." இப்போதெல்லாம் இதை ஒவ்வொரு நாளும் சொல்கிறாள் போலிருக்கிறது. பாடம் ஒப்பிக்கிற குரலாக இருந்தாலும் அதில் கெஞ்சல் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

பெஞ்சின் கடைசியில் ஒரு ஆள். வேம்புலி வயசுதான் இருக்கும். பக்கத்தில் பெண்டாட்டி, மடியில் வயர் கூடை. டீக்காரர் வந்தபோது எல்லோரும் வாங்கினார்கள், அந்த ஆள் மட்டும் வேண்டாம் என்றார். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கீழே நாலாக மடித்த துண்டைப் போட்டு அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தாட்சாயிணி தரையிலிருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் சாப்பாட்டுத் தூக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் ஏதோ துணி இருக்கிறது.

"எட்மண்ட் அய்யா, நீங்க எப்படி இருக்கீங்க? மோஷன்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லா இருக்கேன்."

பெண்டாட்டி அட்டையை நீட்டினாள். ஒரு மாத்திரை குறையவில்லை. பளபளவென்று மின்னியது.

"பொய்!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாட்சாயிணி எழுந்து நின்றிருந்தாள். "பொய் சொல்றாரு சிஸ்டர்! அந்தத் துண்ட எடுத்துப் பாரு. கூடைய கொட்டிப் பாரு. நேத்துலேந்து தண்ணிகூடக் குடிக்கல அந்த மனுசன். வுடாதீங்க, சிஸ்டர், அவர வுடாதீங்க!"

எட்மண்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயசீலி அவர் கையைப் பிடித்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளின தோல் அப்படியே நின்றது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அவரை உள்ளே அழைத்துப்போனாள். போகும்போது அவர் திரும்பி, பெண்டாட்டியிடம் துண்டை எடுத்துக்கொள் என்று கையால் ஜாடை காட்டினார். அது நனைந்திருந்தது.

அந்தப் பெண் துண்டை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டு தாட்சாயிணியை நோக்கி வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

"நீ நல்லா இருப்பியா?" என்றாள். "எம் புருஷன் பிழைக்கிறது உனக்குப் பொறுக்கலயா? கட்டி கரைஞ்சிட்டு வருதுன்னு போன வாரந்தான் சொன்னாங்க. கெடுத்துட்டியே பாவி! உன் தாலி அறுந்துபோச்சுன்னு என் தாலிய அறுக்க வந்தியா?"

கிறிஸ்துதாஸ் குறுக்கே வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். தாட்சாயிணி வேண்டாம் என்று அவரைத் தடுத்தாள். அந்தப் பெண்ணின் வசவு அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள். வேம்புலி உயிரோடிருந்தபோது எவளாவது இப்படி எழுந்து நின்று அவனைக் காட்டிக்கொடுத்திருந்தால், அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள், இதைவிட மோசமாகவும் சொல்லியிருப்பாள். அப்படி ஒருத்தி வரவே இல்லை.